கடைக்கு வந்தவருக்கு அடிபட்டால்: சிறு வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான சட்ட வழிகாட்டி

எங்கள் குடும்பம் திண்டுக்கல்லில் ஒரு சின்ன சைவ ஓட்டல் நடத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன ஒரு அம்மா வாஷ்பேசின் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, நானும் கூடவே போனேன், அட்மிஷன் பணத்தையும் கட்டினேன். இரவு அவருடைய மகன் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏண்ணே, அந்த இடம் எப்பவுமே ஈரமாத்தான் கிடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதற்கு முன்பே இரண்டு வாடிக்கையாளர்கள் சொல்லியிருந்தார்கள். தரையை மாற்ற வேண்டும் என்று பேசிப் பேசியே தள்ளிப்போட்டிருந்தோம்.

பிறகு வக்கீலிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் புரிந்தது, அந்த மகன் கேட்டதைத்தான் நீதிமன்றமும் கேட்கும். ஆபத்து இருப்பது தெரியுமா? தெரியாது என்றால், தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்த பிறகு என்ன செய்தாய்? மளிகைக்கடை, ஜவுளிக்கடை, மெஸ், கிளினிக், ஜிம், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று நாலு பேர் வந்துபோகிற எந்த இடத்தை நடத்துகிறவருக்கும் இது பொருந்தும். நான் எழுதுவது இந்தியச் சட்டத்தை வைத்து, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து. உங்கள் மேல் வழக்கே வந்துவிட்டால் வக்கீலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் நீங்களே செய்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

படி 1: எந்தச் சட்டம் உங்களைப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் பொறுப்பும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வழிகளில் அது வந்து சேரும்.

முதலாவது சிவில் வழக்கு. கவனக்குறைவால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகவே வளர்ந்து நிலைத்துவிட்ட சட்டம். இரண்டாவது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறீர்கள், அந்தச் சேவை நடக்கும் இடம் பாதுகாப்பாக இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. மூன்றாவது கிரிமினல் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவு, கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. காயம் என்றால் ஆறு மாதம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை. எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம்தான், பல் உடைந்தாலும் அப்படியே. உயிர் போய்விட்டால் 106ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை. நான்காவது, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, லிஃப்ட் உரிமம் போன்ற ஒழுங்குமுறைகள்.

ஒரே விபத்துக்கு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வரலாம். நஷ்டஈடு கொடுத்துவிட்டதால் கிரிமினல் வழக்கு தானாகப் போய்விடாது. குறிப்பாக உயிரிழப்பு வழக்கை இரு தரப்பும் வெளியில் பேசி முடித்துக்கொள்ள சட்டத்தில் இடமில்லை.

படி 2: இடம் யார் கையில் இருக்கிறது?

பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது இங்கே இரண்டாம் பட்சம். அந்த இடத்தை நடைமுறையில் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. வாடகைக் கடை என்றால் உள்ளே நடப்பதற்குப் பெரும்பாலும் வாடகைதாரர் பொறுப்பு. பல கடைகளுக்குப் பொதுவான மாடிப்படி, லிஃப்ட், வராண்டா, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவை கட்டட உரிமையாளர் கையில் இருந்தால் அவர் பொறுப்பு. இரண்டு பேர் கையிலும் இருந்தால் இரண்டு பேரும்.

டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீ விபத்தில் இது தெளிவாகவே தெரிந்தது. 1997 ஜூன் 13 அன்று நடந்த அந்த விபத்தில் 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில். ஆனால் மூச்சுத் திணறியவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம், கூடுதல் நாற்காலிகள் போட்டு நடைபாதையையும் வெளியேறும் வழியையும் அடைத்திருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டுப் பொறுப்பை 85 சதவீதம் திரையரங்கு நடத்தியவர்களுக்கும் 15 சதவீதம் மின்வாரியத்துக்கும் பிரித்தது. "கரண்ட்காரன் தப்பு" என்று கை காட்டித் தப்ப முடியவில்லை.

வேலையாட்கள் செய்த தவறுக்கும் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். டேபிள் துடைக்கும் பையன் கொதிக்கும் சாம்பாரை வாடிக்கையாளர் மேல் கொட்டிவிட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். காண்டிராக்டில் விட்ட வேலையில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆனால் தகுதியில்லாத ஆளிடம் வேலையைக் கொடுத்தாலோ, அவர் அரைகுறையாக விட்டுப்போனதைப் பார்த்தும் சும்மா இருந்தாலோ பொறுப்பு திரும்ப உங்களிடமே வரும்.

அடைத்துக்கொண்ட செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான நஷ்டஈட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. "அவரே இறங்கிக்கிறேன்னு சொன்னார்" என்பது பதிலே இல்லை. தயவுசெய்து லாரி வரவழைத்து மெஷினால் எடுக்கச் சொல்லுங்கள். யாரையும் இறக்காதீர்கள்.

படி 3: வந்தவர் யார் என்பதால் என்ன மாறும்?

பழைய ஆங்கிலச் சட்டம் வருகிறவர்களைத் தரம் பிரித்தது. வியாபாரத்துக்காக வந்தவருக்கு அதிகக் கவனம், அனுமதியோடு சும்மா வந்தவருக்கு அதைவிடக் குறைவு, அத்துமீறி நுழைந்தவருக்கு மிகக் குறைவு. நம் நீதிமன்றங்களிலும் இதன் தடம் இருக்கிறது. நடைமுறைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பில் போட்டவர் மட்டும்தான் வாடிக்கையாளர் என்று எண்ண வேண்டாம். விலை கேட்க வந்தவர், துணைக்கு வந்த குழந்தை, பார்சல் எடுக்க வந்த டெலிவரி பையன், தபால்காரர் எல்லோரும் உங்கள் தொழில் காரணமாக வந்தவர்கள்தான். எதுவும் வாங்காதவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினமாக இருக்கலாம். சிவில் நீதிமன்றக் கதவு அவருக்கும் திறந்திருக்கிறது.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோல் பொருந்தாது. பளபளவென்று ஒன்று இருந்தால் தொட்டுப் பார்க்கும், மூடி இருந்தால் ஏறி நிற்கும். "பார்த்து வர வேண்டாமா" என்று அதனிடம் கேட்க முடியாது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில், துருப்பிடித்த மூடி உடைந்து கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து ஒரு எல்.கே.ஜி. சிறுமி இறந்துபோனாள். பள்ளியை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். அந்த மூடியை மாற்ற எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அத்துமீறி வந்தவருக்கும் உரிமை உண்டா? உண்டு. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவதைத் தடுக்க, அங்கே மின்சாரம் பாய்ச்சிய வெறும் கம்பியைக் கட்டிவைத்தார். அதைத் தொட்ட பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோனார். அவர் அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனையை உறுதி செய்தது. செருபின் கிரிகரி வழக்கு என்று பெயர், 1964இல் வெளியான தீர்ப்பு. குடோனுக்கும் தோட்டத்துக்கும் மின்வேலி போட நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். திருடனைத் தடுக்கலாம், அவனுக்குப் பொறி வைக்க முடியாது.

படி 4: கவனக்குறைவை எப்படி அளக்கிறார்கள்?

யாராவது விழுந்தாலே உரிமையாளர் குற்றவாளி என்று ஆகிவிடாது. எதிர்பார்க்கக்கூடிய ஆபத்தா, நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தாரா என்றுதான் பார்ப்பார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலிடம் எதிர்பார்ப்பதைத் தள்ளுவண்டிக்காரரிடம் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் அடிப்படை இருவருக்கும் ஒன்றே.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தரும் ஒரு வழக்கு இருக்கிறது. லிவர்பூலில் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண், தரையில் கொட்டிக் கிடந்த தயிரில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். எவ்வளவு நேரமாக அது அங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கடை சொன்னது: ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பெருக்குகிறோம். ஆனால் அதே பெண் மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது, ஆரஞ்சு ஜூஸ் கொட்டிக் கால் மணி நேரமாகியும் யாரும் துடைக்காததைப் பார்த்திருந்தார். 1976இல் வெளியான தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. கொட்டுவது சகஜம் என்று தெரிந்த கடை, உடனே துடைக்க ஏற்பாடு வைத்திருந்தது என்று கடைதான் காட்ட வேண்டும் என்றார்கள். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் வக்கீல்களும் நீதிபதிகளும் இந்த வழியில்தான் யோசிக்கிறார்கள். பெருக்குகிறோம் என்றால் போதாது, இன்றைக்கு இத்தனை மணிக்குப் பெருக்கினோம் என்று காட்ட வேண்டும்.

நம் ஊர் வழக்கு ஒன்று. டெல்லி சாந்தினி சவுக்கில் இருந்த பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். கட்டி எண்பது ஆண்டு ஆகியிருந்தது. அதில் போட்ட காரையின் ஆயுளோ நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுதான். வெளியே பார்த்தால் விரிசல் தெரியவில்லை என்று நகராட்சி வாதாடியது. சாலையோரக் கட்டடத்தை வைத்திருப்பவர், கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கும் பொறுப்பு என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணிக்கூண்டு தானாக விழாது, விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி. நாற்பது வருஷப் பழைய சன்ஷேடுக்குக் கீழே டீக்கடை நடத்துகிறவர்கள் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர் பக்கத்திலும் தவறு இருந்தால், போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார் என்பது போல, நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறையும். முழுசாகப் போவது அபூர்வம்.

படி 5: உங்கள் கடைக்குள் நீங்களே ஒரு வாடிக்கையாளராக நடந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பூட்டிய கடையில் நடக்கக் கூடாது. கூட்ட நேரத்தில் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை, கரண்ட் போனபோது ஒரு தடவை நடக்க வேண்டும். முடிந்தால் அறுபது வயது தாண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் பெரியம்மாவைக் கூட்டிப்போனபோது, பத்து வருஷமாக நான் பார்க்காத மூன்று விஷயங்களைப் பத்து நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தார்.

ரோட்டிலிருந்து தொடங்குங்கள். சாக்கடை மேல் போட்ட ஸ்லாப் ஆடுகிறதா? பொது இடத்தில் நீங்கள் வைத்த படிக்கட்டோ ஸ்லாப்போ ஆளைத் தடுக்கினால் "அது முனிசிபாலிட்டி இடம்" என்று சொல்லி நழுவ முடியாது. தலைக்கு மேலே பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஆணி துருப்பிடித்திருக்கிறதா, ஆடிக்காற்றுக்குத் தாங்குமா. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பொறியாளர் லாரியில் சிக்கி உயிர்விட்டது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

வாசலில் கண்ணாடிக் கதவு இருந்தால் பெரியவர் கண் மட்டத்திலும் குழந்தை கண் மட்டத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். துடைத்துப் பளிச்சென்று வைத்த கண்ணாடிதான் அதிக ஆபத்து. ஷட்டரைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பழக்கத்தை விடுங்கள், பெட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்கிறவர் நெற்றி அதில்தான் இடிக்கும்.

படிகளில் பெரும்பாலும் ஒரு படி மட்டும் உயரம் வேறாக இருக்கும், அங்கேதான் கால் தடுக்கும். ஓரத்தில் மஞ்சள் பட்டை அடித்தால் செலவு நூறு இருநூறுதான். கைப்பிடி இல்லாத படிக்குக் கைப்பிடி வையுங்கள்.

தரை விஷயத்தில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸை ஓட்டலில் கை கழுவும் இடத்தில் போடவே கூடாது. நாங்கள் சொரசொரப்பான டைல்ஸுக்கு மாறினோம், வாஷ்பேசினுக்குக் கீழே சரிவு கொடுத்துத் தண்ணீர் தனியாக ஓடும்படி செய்தோம். ரப்பர் மேட் ஓரம் சுருண்டிருந்தால் அதுவே இன்னொரு பொறி. மாப் போட்ட உடன் ஈரத்தரைப் பலகையை வையுங்கள், காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். எப்போதும் நிற்கிற பலகையை யாரும் பார்ப்பதில்லை, நீதிமன்றமும் அதை மதிக்காது.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று கட்டாயம்: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி. நம் எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். எம்.சி.பி. வயரிங்கைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. ஃப்ரிட்ஜ், வாட்டர் கூலர், வெளியே வைத்த லைட் போர்டு ஆகிய மூன்றையும் தொட்டுத்தான் மழைக்காலத்தில் ஷாக் அடிக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சம்ப், செப்டிக் டேங்க் மூடிகளை மேலே நின்று சோதிக்காதீர்கள், தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகரம் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், பூட்டுப் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, அவசரத்தில் வெளியே போகும் வழி. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரைப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போனார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். ஓலைக் கூரை, எளிதில் வெளியேற முடியாத இடம், நிறைய ஆட்கள். இன்றைக்கும் தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைகளின் பின்பக்கப் படியில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தப் படியைக் காலி செய்ய உரிமமோ பணமோ தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கல்லாவில் வைக்காதீர்கள்.

படி 6: ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது ரூபாய் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, நேரம், யார் சுத்தம் செய்தது, என்ன பழுது தெரிந்தது, என்றைக்குச் சரிசெய்தது, யாராவது புகார் சொன்னார்களா. வேலையாள் கையெழுத்து. எலக்ட்ரீஷியன் பில், லிஃப்ட் சர்வீஸ் ரசீது ஆகியவற்றை அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

இந்த நோட்டுக்கு இரண்டு பக்கமும் கூர்மை உண்டு. "பேசின் பக்கம் வழுக்குகிறது" என்று எழுதிவைத்து மூன்று மாதம் எதுவும் செய்யாமல் இருந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அதுதான். அதற்குப் பயந்து எழுதாமல் விடாதீர்கள். எழுதினால் சரிசெய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் வரும், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"உங்கள் உடைமைக்கும் உயிருக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் 1998இல் வாலே பார்க்கிங்குக்கு, அதாவது ஓட்டல் ஆளே நிறுத்தச் சாவியோடு கொடுத்த கார் திருடுபோனது. பார்க்கிங் சீட்டில் கார் உரிமையாளரே பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், தன்னுடைய கவனக்குறைவுக்கு அந்தச் சீட்டைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்றது. அது கார் விஷயம். காருக்கே இப்படி என்றால் மனிதனுக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜிம்மிலும் விளையாட்டு மையத்திலும் வாங்கும் கையெழுத்துப் படிவமும் உங்கள் தவறை அழித்துவிடாது. எச்சரிக்கைப் பலகைக்குப் பயன் உண்டு, எங்கே என்ன ஆபத்து என்று குறிப்பாகச் சொன்னால்.

படி 7: உரிமங்களும் இன்சூரன்ஸும்

தொழில் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, லிஃப்ட் இருந்தால் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு லிஃப்ட் சட்டப்படி உரிமம், மண்டபம் போன்ற இடங்களுக்குப் பொதுக்கட்டட உரிமம். உங்களுக்கு எது தேவை என்பது தொழிலையும் கட்டடத்தையும் பொறுத்தது. காலாவதியான சான்றோடு விபத்து நடந்தால் வாதாட ஆரம்பிக்கும்போதே பாதி தோற்றுவிட்டீர்கள். சான்று இருந்தாலும் அது முழுப் பாதுகாப்பு இல்லை.

சாதாரணக் கடைக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு (கடைக்கு வந்தவருக்கு அடிபட்டால் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான காப்பீடு) கட்டாயமில்லை. 1991ஆம் ஆண்டின் கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. இருந்தாலும் எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பப்ளிக் லயபிலிட்டி பாலிசி தனியாகவும் கிடைக்கும், கடைக்காரர் பேக்கேஜ் பாலிசியில் ஒரு பிரிவாகவும் கிடைக்கும். வாங்கும்போது ஏஜென்டிடம் கேளுங்கள்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு, நான் கையிலிருந்து முதலில் எவ்வளவு போட வேண்டும், வக்கீல் செலவு சேருமா, சாப்பாட்டால் வந்த விஷம் சேருமா, லிஃப்ட் சேருமா. தீ விபத்துப் பாலிசி உங்கள் சரக்குக்குத்தான், வாடிக்கையாளர் காலுக்கு அல்ல. உங்கள் தொழிலாளிகளுக்கு ஆகும் காயம் வேறு சட்டத்தில் வரும், அதற்கு வேறு காப்பீடு.

படி 8: விபத்து நடந்த அன்று

முதலில் மனிதர். இடுப்பிலோ கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். பாசத்தில் எல்லோரும் செய்கிற தவறு அது. ஷாக் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். "போலீஸ் கேஸ், பார்க்க மாட்டோம்" என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது, முதலில் உயிர், பிறகுதான் நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும்.

அடுத்து, இடத்தை அப்படியே விடுங்கள். மற்றவர்கள் விழாமல் கயிறு கட்டுங்கள், ஆனால் போட்டோ எடுக்கும் முன் துடைக்காதீர்கள். எங்கள் கடையில் ஆம்புலன்ஸ் போவதற்குள் பையன் துடைத்துவிட்டான். அவன் நல்ல மனசோடு செய்தான், பார்த்தவர்களுக்கோ மறைக்கிறோம் என்று தோன்றியது. தரை, வெளிச்சம், செருப்பு, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பார்த்தவர்கள் பெயரும் போன் நம்பரும் வாங்குங்கள்.

சி.சி.டி.வி. காட்சியை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலான டி.வி.ஆர்.களில் சில வாரங்களில் பழைய காட்சி தானாக அழிந்துவிடும், எங்களுடையது பத்து நாளில் போய்விட்டது. நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வக்கீல் தயார் செய்து தருவார். உங்களுக்கு எதிராக இருக்கிறது என்று அழித்துவிட்டால் அது தனிக் குற்றம். உப்ஹார் உரிமையாளர்கள் ஆதாரங்களைக் கலைத்ததற்காகவே 2021இல் தனியாகத் தண்டிக்கப்பட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்று எழுதுவார்கள். பின்னால் எல்லா வழக்கும் அதிலிருந்துதான் தொடங்கும். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். "வீட்டில் விழுந்தேன்னு சொல்லிடுங்கம்மா" என்று யாரும் கேட்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றோ மறுநாளோ எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமானால் அதையே காரணம் காட்டுவார்கள். பாலிசியில் "எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்காதீர்கள்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதனால் எழுத்தில் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுப்பதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிபந்தனைக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய்ப் பார்ப்பதும், எப்படி இருக்கீங்க என்று கேட்பதும், மருந்துச் செலவுக்கு உதவுவதும் மனிதத்தன்மை. கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அது தப்பில்லை.

படி 9: நோட்டீஸ் வந்தால்

வக்கீல் நோட்டீஸைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் எந்த நன்மையும் இல்லை. வக்கீலிடமும் இன்சூரன்ஸிடமும் அன்றே கொடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறார் என்பதை வைத்து அல்ல, உங்களுக்கு எவ்வளவு பணம் கொடுத்தார் என்பதை வைத்தே எந்த ஆணையம் என்று முடிவாகிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டவர் இருபது லட்சம் கேட்டாலும் அங்கேதான். ஐந்து லட்சம் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடைக்கானல் போகும் வழியில் உங்கள் கடையில் விழுந்தவர் நாகர்கோவிலில் வழக்குப் போட்டால் நீங்கள் அங்கே போக வேண்டும். உங்கள் பதிலுக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள். மொத்தம் 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இதைத் தவறவிட்டு, பேச வாய்ப்பே இல்லாமல் தோற்பவர்கள் இருக்கிறார்கள்.

பணம் எப்படிக் கணக்காகும்? மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், வலி, எதிர்காலச் சிகிச்சை. நிரந்தர ஊனம் என்றால் மோட்டார் வாகன வழக்குகளில் பயன்படும் பெருக்கல் முறையை வழிகாட்டியாக எடுப்பதுண்டு. உதாரணத்துக்கு 35 வயது, மாதம் 20,000 சம்பளம், உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. வருஷ வருமானம் 2,40,000, அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16, அதில் 30 சதவீதம்: 11,52,000 ரூபாய். வருமான இழப்பு மட்டும் இவ்வளவு, மருத்துவச் செலவு தனி. ஒரு டைல்ஸ் பில்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமரசத்துக்கு வழி உண்டு. நுகர்வோர் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பலாம், சிவில் வழக்கு என்றால் லோக் அதாலத். உங்கள் தரப்பில் தவறு இருப்பது உங்கள் மனசுக்கே தெரிந்தால், காலத்தை இழுத்தடிக்காமல் இன்சூரன்ஸை உட்காரவைத்துப் பேசி முடிப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் முடித்தோம். ஆபரேஷன் செலவும் ஆறு மாத பிசியோதெரபியும் நாங்கள் ஏற்றோம், எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம், அந்த அம்மா வாக்கரோடு நடக்க ஆரம்பித்த பிறகுதான் கையெழுத்து வாங்கினோம்.

எத்தனை நாள் ஆதாரங்களை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால்: நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு, சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, இறப்புக்காகக் குடும்பத்தார் போடும் வழக்குக்கு இரண்டு ஆண்டு. அடிபட்டது குழந்தை என்றால் கணக்கு வேறு. அதற்கு 18 வயது ஆனபிறகுதான் காலக்கெடு ஓடத் தொடங்கும், 21 வயது வரை சிவில் வழக்குப் போடலாம். எங்கள் கடையில் போன வருஷம் ஒரு நாலு வயதுப் பையன் நாற்காலியிலிருந்து விழுந்து நெற்றியில் இரண்டு தையல் போட்டோம். அவன் இப்போதும் அப்பாவோடு வந்து ரவா தோசை சாப்பிடுகிறான். நோட்டில் அன்றைய பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இன்னும் பதினாறு வருஷத்துக்கு என்று தேதி எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.